சாவி கைக்கு வருமுன்பும் வந்தபின்பும்

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. அதிலிருந்து புது கார் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதிலும் முதல் கார் வாங்குகிறவர்கள் நிறைய. அதனால் இந்த முறை முழுக்கக் கார்தான்.

விளம்பரத்தில் 9 லட்சத்துக்குள் என்று பார்த்துப் போனோம். கொட்டேஷனில் பத்தரை லட்சத்துக்கு மேல் நிற்கிறது. இன்ஷூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்க வேண்டும், ஆக்சஸரீஸ் பேக் கட்டாயம் என்கிறார்கள். எதைக் கொடுக்க வேண்டும், எதை மறுக்கலாம்? (வாசகி, திருச்சி)

முதலில் அந்தக் கொட்டேஷனை வரி வரியாகப் பிரித்து, எழுத்தில் வாங்குங்கள். "மொத்தம் இவ்வளவு மேடம்" என்று வாயால் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேராத விலை. அதற்கு மேல் வரும் பெரிய தொகை சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, வண்டி விலை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை என்றால் 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். இதில் யாரோடும் பேரம் பேச முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 9.90 லட்சத்து மாடலைப் பார்த்துவிட்டு "இன்னும் முப்பதாயிரம்தானே, அடுத்த வேரியன்ட் போய்விடலாம்" என்று 10.20-க்குப் போனால், வரி மட்டுமே கிட்டத்தட்ட 55,000 ரூபாய் கூடிவிடும். 10 லட்சத்துக்கு மேல் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி என்று 1 சதவீதம் வேறு பிடிப்பார்கள் (அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்). சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டுவதா என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை யோசியுங்கள்.

இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புது காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி காப்பீடு (நம் வண்டியால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கானது) கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள், ஆனால் ஐடிவி தொகையும் (வண்டி திருடுபோனால் அதிகபட்சம் கிடைக்கும் பணம்) கூடுதல் கவர்களும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் ஐடிவியைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் தானாகவே இறங்கிவிடும், வண்டி திருடுபோனால் அப்போதுதான் அதன் வலி தெரியும். வெளியே வாங்கிய விலைப் பேப்பரை ஷோரூமில் காட்டினால் பெரும்பாலும் அவர்களே இறங்கி வருவார்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் கூடுதல் கவர்) மட்டும் விட்டுவிடாதீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும், நகரத்தில் முதலில் அடிபடுவதே பிளாஸ்டிக் பம்பர்தான்.

கொட்டேஷனில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால் "இது எதற்கு, ரசீது கிடைக்குமா" என்று நேராகக் கேளுங்கள். அது அரசுக்குப் போகிற பணம் இல்லை. ஆக்சஸரீஸ் பேக்கும் கட்டாயம் இல்லை. மிதியடி, மட்ஃபிளாப் போதும், மற்றதை நிதானமாக வெளியே வாங்கலாம். சீட் கவர் போட்டால் மட்டும் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை மூடுகிற கவர் வேண்டவே வேண்டாம். முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதும் கூடாது, அது சட்டப்படியே தப்பு, மோதலின்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுத்துவிடும்.

முதல் கார். "வண்டி வந்துவிட்டது, பாக்கியைக் கட்டுங்கள், டெலிவரி அன்று பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அன்றைக்கே பார்த்தால் போதாதா? (வாசகர், தென்காசி)

போதாது தம்பி. டெலிவரி அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து, குடும்பமே நிற்கும். அந்த நேரத்தில் கதவு இடுக்கைக் குனிந்து பார்க்க யாருக்கு மனசு வரும்? பில்லும் பதிவும் ஆகும் முன்பே, டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போய்ப் பாருங்கள். வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான சேசிஸ் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பில்லிலும் இன்ஷூரன்ஸிலும் அதே நம்பர்தான் வர வேண்டும். பதிவு முடிந்த பிறகு "வேறு வண்டி கொடுங்கள்" என்று கேட்டு ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம்.

பகலில் போங்கள். மழையில் நனைந்த வண்டியிலும், அப்போதுதான் கழுவிய வண்டியிலும் கீறல் தெரியாது. பெயின்ட்டை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள், மறு பெயின்ட் அடித்த இடம் இருந்தால் பளபளப்பு வேறு மாதிரி இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்து டயரும், ஸ்டெப்னி உட்பட, ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேட்டு, பேப்பரிலும் பாருங்கள். ஜனவரியில் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது, போன வருட ஸ்டாக் என்றால் அதற்கான தள்ளுபடியைக் கேட்டு வாங்க வேண்டும், விற்கும்போது ஆர்சியில் உள்ள வருடத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஏசியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி இறக்குங்கள், இரண்டு சாவியும் வேலை செய்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அவசரப்படுத்தினால் "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் சார்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பூஜை போடும்போது போனட்டில் சந்தனம், குங்குமம் வைத்தால் பெயின்ட் போய்விடும் என்று கணவர் தடுக்கிறார். மாமியாருக்கு வருத்தம். (வாசகி, கோவை)

தாராளமாக வையுங்கள். சென்னையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் வாசலில் புது வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொள்ளும். ஒன்றே ஒன்று, சந்தனம் காய்ந்து வெயிலில் நாள்கணக்கில் இருந்தால் தடம் விழும். அன்றைக்கே தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்ததைத் தேய்த்தால்தான் கீறும். கண்ணாடியில் வைத்தால் அந்தக் கவலையும் இல்லை, மாமியாரும் கணவரும் இரண்டு பேருமே சமாதானம் ஆவார்கள்.

அப்பா கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சீட் பிளாஸ்டிக்கைக் கழற்ற விடவில்லை, கவர் போட்டு மூடியே வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டார்ட் செய்து அணைக்கிறார். (வாசகர், மதுரை)

அப்பா மேல் கோபப்படாதீர்கள். வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய பொருளை அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர் பயப்படுகிற சேதம் எல்லாம் நிற்கும்போதுதான் வருகிறது என்பதை அவருக்குப் புரிய வையுங்கள். ஓடாத வண்டியில் பேட்டரி இறங்கும், ஈரக் கவருக்குள் துரு பிடிக்கும், எலி உள்ளே புகுந்து வயரைக் கடிக்கும். சும்மா ஸ்டார்ட் செய்து அணைத்தால் பேட்டரி நிரம்பாது, வண்டி ஓட வேண்டும். வேர்வை கொட்டும் அந்த பிளாஸ்டிக்கை இன்றைக்கே கழற்றுங்கள்.

முதல் 1000 கிலோமீட்டர் இன்ஜினை அலற விடாமல், ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டினால் போதும். மதுரையிலிருந்து முதல் பயணத்துக்கு நான் ராமேஸ்வரம்தான் சொல்வேன். பரமக்குடி வரை நான்குவழிச் சாலை, வழி முழுக்கச் சமதளம், பகலில் புதிதாக ஓட்டுகிறவருக்குப் பயமே இருக்காது. விடிகாலையில் கிளம்புங்கள், டயர் சூடாகும் முன்பு காற்றைப் பாருங்கள், அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பாம்பன் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல் விரியும், ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள், பாலத்தில் நிறுத்த வேண்டாம். திரும்பும்போது கொஞ்ச தூரம் அப்பாவையே ஓட்டச் சொல்லுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அப்புறம், கை பழகட்டும்.

தினம் 12 கிலோமீட்டர் அலுவலகம். டீசல் எடுக்கலாமா? (வாசகர், சென்னை)

வேண்டாம். பிஎஸ்6 (இப்போதைய புகை விதி) டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் வேகமாக, நல்ல சூட்டில் ஓட வேண்டும். உங்கள் நெரிசலில் அதற்கு வாய்ப்பே இல்லை, எச்சரிக்கை விளக்குதான் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் எடுங்கள்.

வாங்கிய மூன்றாவது வாரமே பார்க்கிங்கில் யாரோ பின் பம்பரில் கோடு போட்டுவிட்டார்கள். தூக்கமே வரவில்லை. கிளெய்ம் செய்யலாமா? (வாசகி, ஓசூர்)

உங்கள் வலி புரிகிறது அம்மா, முதல் கீறல் யாருக்குமே அப்படித்தான் இருக்கும். ஆனால் சின்னக் கோட்டுக்குக் கிளெய்ம் போட வேண்டாம். முதல் வருடம் கிளெய்ம் இல்லாமல் முடித்தால் அடுத்த பிரீமியத்தில் சேதக் காப்பீட்டுப் பகுதிக்கு 20 சதவீதம் குறையும், அப்படியே ஐந்து வருடம் போனால் 50 சதவீதம் வரை போகும். கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படவில்லை என்றால் பாலிஷிலேயே பெரும்பாலும் போய்விடும். கதவிலோ போனட்டிலோ தகரம் தெரிகிற மாதிரி கீறல் விழுந்தால் மட்டும் உடனே டச்-அப் செய்யுங்கள், மழை பட்டால் துரு ஏறும். இது பம்பர், பிளாஸ்டிக், துரு பிடிக்காது. முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு எப்படியும் போவீர்கள், அப்போது காட்டிக்கொள்ளலாம்.