கருவாட்டுக் களத்துக்குச் செமி ஆட்டோமேட்டிக் ஏர் ரைபிள் வாங்கலாமா?

கேள்வி: பெரியபட்டினம் கரையில் சின்னதாகக் கருவாட்டுக் களம் வைத்திருக்கிறேன். நெத்திலியோ காரலோ காயப்போட்டால் காக்கையும் பருந்தும் அள்ளிக்கொண்டு போகின்றன. காவலுக்கு ஆள் போட்டால் கூலி கட்டுபடியாகவில்லை. ஆன்லைனில் 'செமி ஆட்டோமேட்டிக் ஏர் ரைபிள், பத்துக் குண்டு மேகசின், நொடிக்கு 1,200 அடி வேகம், லைசென்ஸ் தேவையில்லை' என்று 14,500 ரூபாய்க்கு ஒன்று கண்ணில் பட்டது. சும்மா இருக்கும் நேரத்தில் டப்பா வைத்துக் குறி பார்க்கவும் ஆசை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று. விளம்பரம் சொல்வது உண்மையா, காக்கையைச் சுடலாமா, பொழுதுபோக்குக்கு எது வாங்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 'செமி ஆட்டோமேட்டிக்'. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு போக வேண்டும். உடனே அடுத்த குண்டு தானாகவே ஏறி, துப்பாக்கி சுடத் தயாராக நிற்க வேண்டும். நம் கை விசையைத் தவிர எதையும் தொடக்கூடாது. இந்த வேலைக்கு எங்கிருந்தாவது சக்தி வர வேண்டும் அல்லவா? ஏர்வாடி சந்தனக்கூடு விழாவில் பலூன் சுடும் கடையில் பார்த்திருப்பீர்கள். குழலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கிறோம், அந்த ஒரு அமுக்கில் சேர்ந்த சக்தி அந்த ஒரு குண்டோடு தீர்ந்துபோகிறது. அடுத்ததற்கு மறுபடி மடக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியில் உண்மையான செமி ஆட்டோ கிடையாது.

அப்படியானால் பத்துக் குண்டு மேகசின், அதாவது குண்டு அடுக்கி வைக்கும் கூடு? அது வேறு வசதி. குழலை மடக்கும்போது விரலால் குண்டு திணிக்கும் வேலை மிச்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டுக்கும் மடக்கத்தான் வேண்டும். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழல் உடலோடு சேருகிற இடத்தில் கதவுக் கீல் மாதிரி ஒரு முள் தெரிந்தால், அது மேகசின் வைத்த ஸ்பிரிங் துப்பாக்கி. துப்பாக்கி மோசம் என்று சொல்லவில்லை. பெயர்தான் பொய்.

உண்மையான செமி ஆட்டோ வேண்டுமென்றால் வாயு அடைத்த வகைக்குப் போக வேண்டும். ஒன்று, 12 கிராம் கரியமில வாயுக் குப்பி போடுவது. இன்னொன்று, துப்பாக்கியோடு சேர்ந்த சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் காற்றை அடைத்துக்கொள்வது. இரண்டிலும் வாயுவில் ஒரு பங்கு அடுத்த குண்டை ஏற்றவே செலவாகிவிடும். அதனால் ஒரு நிரப்பலுக்குக் கிடைக்கும் குண்டுகளின் எண்ணிக்கை குறையும். குப்பி வகை வாங்குகிறவர் துப்பாக்கி விலையைப் பார்க்கக்கூடாது, குப்பி விலையைப் பார்க்க வேண்டும். சிலிண்டர் வகை என்றால் அடிக்கும் பம்பின் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள். 'மலிவு' என்ற சொல் அங்கேயே கரைந்துவிடும்.

குப்பி வகையில் நம் கரைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் குப்பிக்குள் அழுத்தம் 57 பார். 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் அந்த வாயு திரவமாகவே இருக்காது, அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். பங்குனி வெயிலில் களத்து மணலில் துப்பாக்கியைச் சாத்தி வைத்தால் வால்வு திறக்கவே மறுக்கும், இல்லாவிட்டால் சீல் போகும். சரி, நிழலில் வைத்து மளமளவென்று பத்துக் குண்டு சுட்டால்? குப்பி குளிர்ந்து, பத்தாவது குண்டு முதல் குண்டைவிடத் தாழ்ந்து விழும். வேகமாகச் சுடத்தான் செமி ஆட்டோ, வேகமாகச் சுட்டால் குறி போய்விடும். இதற்கா அத்தனை பணம்?

அடுத்தது 1,200 அடி. கொஞ்சம் கணக்குப் போடுவோம், பள்ளிக்கூடக் கணக்குதான். 0.177 அங்குல ஈயக் குண்டு ஏறத்தாழ அரை கிராம். நொடிக்கு 1,200 அடி என்பது 366 மீட்டர். எடையைக் கிலோகிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் குண்டின் சக்தி 33 ஜூல் வருகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள வரம்பு 20 ஜூல், குழல் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ளே இருந்தால் கவலை இல்லை. ஆக, விளம்பரம் சொல்லும் வேகம் உண்மை என்றால் 'லைசென்ஸ் தேவையில்லை' என்பது சந்தேகம். லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை என்றால் வேகம் பொய். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஈயமே இல்லாத இலேசான அலாய் குண்டைப் போட்டு வேகத்தை அளந்து அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்துவிடுவார்கள். அரை கிராம் ஈயக் குண்டுக்கு 900 அடி என்று போட்டிருந்தால் 19 ஜூலுக்குச் சற்றுக் குறைவாக வரும், அது நம்பும்படியான எண். வாங்கும் முன் விற்பவரிடம் 'எத்தனை ஜூல், எந்த எடைக் குண்டில்' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத கடை நமக்கு வேண்டாம். அடையாளச் சான்று கேட்காமலே அனுப்புகிறேன் என்று சொல்லும் கடையும் வேண்டாம்.

இப்போது காக்கை, பருந்து. எப்படிப்பட்ட துப்பாக்கியானாலும் இதற்கு உதவாது. ஒரு காலத்தில் காக்கையும் எலியும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், தொல்லை தரும் உயிர்கள் என்ற கணக்கில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது, அதனால் காக்கையைச் சுட அந்தச் சாக்கும் இப்போது இல்லை. பருந்து எப்போதுமே பாதுகாக்கப்பட்ட பறவை. களத்துக்கு மயில் வந்து நின்றால், அது உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை. சுட்டால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை, 7 ஆண்டு வரை போகலாம், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் வேறு. தெருநாய் மேல் சுட்டு ஊனமாக்கினாலும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கரைக்கு நேர் எதிரே இருப்பவை மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள். மொத்தம் 21, அதில் 7 கீழக்கரைத் தொகுதி. 'சும்மா எடுத்துப் போனேன்' என்று ஏர் ரைபிளை வள்ளத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒதுங்கினால், சுடவே வேண்டாம், அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைந்ததே குற்றம்.

சட்டத்தை விடுங்கள். களத்தைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? மீன் புரட்டுகிற பெண்கள், பக்கத்து வாடியில் விளையாடும் பிள்ளைகள். அண்ணாந்து சுட்ட குண்டு 300 மீட்டருக்கு மேலும் போகும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் எங்கே போய் விழும் என்று சுடுகிறவருக்கே தெரியாது.

கருவாட்டுக்கு வேண்டியது வலை. அது உங்கள் ஊரில் கழிசலாகவே கிடக்கும். இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டுப் பரண் போட்டு, அதன் மேல் மீனைப் பரப்புங்கள். மீனுக்கு ஒன்றரை, இரண்டு அடி மேலே இன்னொரு வலையை இழுத்துக் கட்டுங்கள். இந்த இடைவெளிதான் முக்கியம். வலை தொய்ந்து மீனைத் தொட்டால், காக்கை வலை மேல் உட்கார்ந்துகொண்டு கண்ணி வழியாக அலகை விட்டுக் கொத்தும். நான் பார்த்திருக்கிறேன், வலைக்கு மேலே இருந்தபடியே ஒரு சூடையைத் தலை, வால் என்று பிய்த்து முடித்தது. தங்கூசி வலை, அதாவது மெல்லிய ஒற்றை இழை வலை, போடாதீர்கள், பறவைக் கால் மாட்டிக்கொள்ளும். தடித்த நைலான் வலைதான் சரி. ஓரத்தைக் கீழ் வரை இறக்கிக் கல் வைத்தால் பூனையும் நாயும் நுழையாது. பரணில் காய்ந்த கருவாட்டில் மணல் இருக்காது, வியாபாரி விலை பேசும்போது வித்தியாசம் தெரியும்.

மிச்சம் இருப்பது டப்பா சுடும் ஆசை. அது தப்பே இல்லை. அதற்கு 0.177 அளவில், இந்தியத் தயாரிப்பில், குழல் மடக்கும் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி போதும். கேஸ் வேண்டாம், பம்பு வேண்டாம். ஒவ்வொரு குண்டுக்கும் மடக்குவதால் நிதானம் வரும், குண்டும் வீணாகாது. டப்பாவுக்குப் பின்னால் மண் அடைத்த சாக்கு இரண்டு அடுக்கு இருக்கட்டும். தகரத்திலும் கல்லிலும் எஃகு குண்டு பட்டால் திரும்பி வரும், ஈயக் குண்டே போடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். காற்று நாளில் 30 மீட்டரில் குண்டு நாலு விரல்கடை தள்ளிப் போகும், துப்பாக்கியைத் திட்டாதீர்கள். 10 மீட்டரில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: தொண்டியில் இருக்கிறேன். மூன்று மாதம் முன்பு காற்றடைக்கும் சிலிண்டர் வகை ஏர் ரைபிள் வாங்கினேன், பம்பும் கடைக்காரர்களே கொடுத்தார்கள். மாலையில் 200 பார் அடித்தால் விடியற்காலை 190தான் காட்டுகிறது. குழலில் அங்கங்கே துரு. கேட்டால் 'கடல் காற்று, வாரண்டி கிடையாது' என்கிறார்கள்.

பதில்: இரண்டு குறையையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், அவர்கள் சேர்ப்பது அவர்களுக்கு வசதி.

அழுத்தம் குறைவது எல்லாமே கசிவு இல்லை. பம்பு அடிக்கும்போது காற்று சூடாகும், ஆறினால் அழுத்தம் காட்டும் முள் இறங்கும். 35 டிகிரியில் 200 பார் இருந்தால், 25 டிகிரி விடியலில் கசிவே இல்லாமல் 193, 194 காட்டும். அதனால் அடித்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டு ஒரு அளவு எடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே நிழலில் இன்னொரு அளவு. அப்போதும் குறைந்தால் நிரப்பும் வாய்ப்பக்கம் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் ரப்பர் வளையம் போயிருக்கிறது. அது தயாரிப்புக் குறை, கடல் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குமிழி வருவதை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் இருக்கும்போது நீங்களாகக் கழற்றாதீர்கள்.

வெளித் துருவுக்கு மட்டும், மன்னிக்கவும், கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. என் சித்தப்பா மகன் ஒரு ஏர் கன்னை ரெக்சின் உறைக்குள் போட்டுப் பரணில் வைத்திருந்தான், பத்திரமாக இருக்கட்டும் என்று. வாடை மாதம் முடிந்து எடுத்தபோது உறையின் உள்பஞ்சு உப்பு ஈரத்தை ஊறுகாய் ஜாடி மாதிரி பிடித்து வைத்திருந்தது. குழலைத் தடவிய விரலில் செம்மண் நிறம். உறையில் வைக்காதீர்கள். எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஆனால் அந்த எண்ணெய் சிலிண்டர் வாய்ப்பக்கம் போகக்கூடாது. அழுத்தக் காற்றோடு பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அங்கே சிலிகான் மசகு மட்டும். அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டரில் நிரப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடம் பிறகு எதுவும் கேட்காதீர்கள். வெடிக்கும்.

நம் கரைக் காற்றில் பம்பு அடிப்பதே ஈரத்தை உள்ளே அடிப்பதுதான். ஐம்பது தடவை அடித்ததும் நிறுத்தி, பம்பு ஆறட்டும், வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாத பம்பை அவர்கள் உங்களுக்குத் தந்திருந்தால் அதையும் புகாரில் எழுதலாம்.

புகார் எழுத்தில் போகட்டும், போனில் வேண்டாம். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் நகராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, அந்த வீடியோ மூன்றும் போதும்.

கேள்வி: மண்டபத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். விலை மலிவான செமி ஆட்டோவில் பழக ஆரம்பிக்கலாமா?

பதில்: 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் செமி ஆட்டோவுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு குண்டாகக் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். 60 குண்டுக்கு 75 நிமிடம், அதாவது ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவதும் இப்படித்தான். மதுரைப் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் விசாரித்து, முதல் ஆறு மாதம் அவர்கள் துப்பாக்கியிலேயே பழகட்டும். கைநீளமும் தோளும் இன்னும் வளரும் வயது. இப்போது வாங்கினால் அடுத்த வருஷம் தோளில் வைக்கும் துப்பாக்கிக் கட்டையின் அளவு பொருந்தாது.