ஹெடரைப் பூட்டிவிட்டு டியூனிங்குக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என் டொயோட்டா விற்ஸ் ஆர்.எஸ். காருக்கு ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) வாங்கிவிட்டேன். அதற்கேற்ப எஞ்சின் கணினியைச் சரிசெய்யும் டியூனிங்குக்குக் காசு சேர இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை ஹெடரோடு ஓடலாமா? உடனே டியூன் செய்யாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும் என்று கராஜில் சொல்கிறார்கள். ஹெடர் மேல் வெப்பத் துணியும் சுற்ற வேண்டுமாம்.

பதில்: பிஸ்டன் உருகாது, தம்பி. தாராளமாகப் பூட்டி ஓடுங்கள்.

உள்ளே போகும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது. எரிந்து வெளியே வருவதை ஒக்சிஜன் சென்சர் பார்க்கிறது. இந்த இரண்டையும் வைத்துத்தான் ஈ.சி.யூ. என்ற எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. டர்போ இல்லாத உங்கள் 1.5 லீற்றர் எஞ்சினில் ஹெடர் கொண்டுவரும் மாற்றம் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். உண்மையில் சரியான ஒழுங்கும் இதுதான். டியூன் செய்தபின் ஹெடரை மாற்றினால் அதே வேலைக்கு மறுபடியும் காசு கொடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது கசிவு. எஞ்சினும் ஹெடரும் சேரும் இடத்தை அடைக்கும் பழைய காஸ்கட்டைத் திரும்பப் போட விடாதீர்கள், புதிதுதான் வேண்டும். ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால் சிறு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெற்றோல் போதவில்லை என்று ஈ.சி.யூ. தப்பாக எண்ணி அதிகம் ஊற்றும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காதைக் கொடுங்கள். டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அது அடங்கினால் கசிவு இருக்கிறது. காஸ்கட் ஓரத்தில் கரிக்கோடும் தெரியும். சில நாள் ஓடியபின், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் வரும் எண்ணெய்ப் புகைக்குப் பயப்பட வேண்டாம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பல ஜப்பான் கார்களில், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டர், ஹெடருக்காகக் கழற்றும் பழைய மனிஃபோல்டோடு ஒன்றாகவே வரும். அப்படியானால் ஹெடரைப் பூட்டும்போது அதுவும் போய்விடும். கழற்றியதையும் வாங்கிய ஹெடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் பானை மாதிரி ஒரு வீக்கம் இருந்து, புதியதில் வெறும் குழாய் மட்டும் இருந்தால் விளங்கிவிடும். அதன் பின்னால் வேறொரு கட்டலிற்றிக் இல்லாவிட்டால் கட்டலிற்றிக் சரியாக வேலை செய்யவில்லை என்ற பி0420 கோட் வந்து எஞ்சின் லைட் எரியும். புகைப்பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் ஏறும். அதில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. டியூனிங் வந்தால் இது சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். டியூனிங் லைட்டை அணைக்கும், புகையைச் சுத்தமாக்காது. ஒக்சிஜன் சென்சருக்கும் குழாய்க்கும் நடுவில் சின்னத் துண்டு வைத்து லைட்டை மறைத்துத் தருகிறோம் என்பவர்களும் அதைத்தான் விற்கிறார்கள். கட்டலிற்றிக் உள்ள ஹெடரைத் தேடுங்கள், அல்லது பின்னால் ஒன்றைப் பொருத்துங்கள்.

கழற்றிய கட்டலிற்றிக்கைக் கராஜில் விட்டுவிட்டு வரவே வேண்டாம். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கின்றன. 'பழைய இரும்பு, நாங்களே எறிந்துவிடுகிறோம்' என்பவர் எறியமாட்டார், விற்பார். வேலைக்குக் கூலியும் வாங்கி, உங்கள் சாமானையும் காசாக்கிக்கொள்வார். கார் லிஃப்டில் ஏறுமுன்னே 'கழற்றுவதெல்லாம் டிக்கிக்குள் வர வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ரெடிமேட் மேப்பை (ஈ.சி.யூ.வுக்கான கணக்குக் கோப்பை) ஏற்றிவிட்டு டியூனிங் என்று பில் போடுபவர்களிடமும் போகாதீர்கள். உங்கள் காரை ஓட்டி, அளந்து பார்க்காமல் செய்வது டியூனிங்கே இல்லை.

வருடா வருடம் நம்மை வரிசையில் நிறுத்திப் புகையை அளக்கிறார்கள். கட்டலிற்றிக்கைக் கழற்றி விற்றவரிடம் யார் போய்க் கேட்கிறார்கள்? தேறாத காரோடு அலைவது சொந்தக்காரர்தான். இது எப்போது மாறுமோ தெரியவில்லை!

வெப்பத் துணி வேண்டாம். சாதாரண இரும்பு ஹெடர் என்றால் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருப்பிடிக்க அது போதும். பழைய வெப்பத் தகடு பொருந்தினால் அதையே பூட்டச் சொல்லுங்கள்.