மூன்று நாளில் குமினாவா?

கேள்வி: நடனம் பயில்கிறேன். அடுத்த மாதம் ஜமைக்கா போகிறேன். குமினா, டான்ஸ்ஹால் இரண்டையும் மூன்றே நாளில் கற்றுத்தந்து சான்றிதழும் தருவதாகச் சொல்லி, ஓர் ஏஜென்ட் முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இவ்விரண்டையும் ஒரே பொட்டலமாக விற்பவருக்குப் பெரும்பாலும் இரண்டுமே தெரியாது.

குமினா என்பது ஜமைக்காவின் கிழக்கே உள்ள செயின்ட் தாமஸ் பகுதியில் வேரூன்றிய வழிபாடு. அடிமை முறை ஒழிந்தபின் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் காப்பாற்றித் தந்தது. முன்னோரை அழைக்கத்தான் ஆடுகிறார்கள். மேளத்தைப் படுக்கவைத்து, அதன்மேல் உட்கார்ந்து வாசிப்பார்கள். குதிகாலால் தோலை அழுத்தி ஒலியை மாற்றுவார்கள். ஆடுபவர்கள் பாதத்தைத் தரையோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்தி, இடஞ்சுழியாக வட்டமிடுவார்கள். பார்க்க எளிது. மூன்று நாளில் வராது.

வழிபாட்டை வகுப்பில் கற்க முடியாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். மேடைக்கென்று அமைத்த குமினா இருக்கிறது. 1962இல் தொடங்கிய ஜமைக்காவின் தேசிய நடன நாடகக் குழுவுக்காக நடன அமைப்பாளர் ரெக்ஸ் நெட்டில்ஃபோர்ட் 1971இல் அமைத்தது புகழ்பெற்றது. அந்த வகை அசைவுகளை வகுப்பில் கற்கலாம், மேடையிலும் ஆடலாம், தவறில்லை. ஆனால் அது மேடை நடனம். சடங்குக்கு அந்த ஊர்க்காரர்கள் அழைத்தால் மட்டும் போங்கள். அழைத்தாலும் கேட்காமல் செல்போனை வெளியே எடுக்காதீர்கள். அங்கே பார்த்ததை ஊருக்கு வந்து 'குமினா வகுப்பு' என்று நடத்தவும் வேண்டாம்.

டான்ஸ்ஹால் என்பது ஜமைக்காவின் வெகுஜன இசையும் அதற்கான ஆட்டமும். அதன் இடம் தலைநகர் கிங்ஸ்டனின் தெரு. அசைவைக் கண்டுபிடிப்பவர் ஆட்டக்காரர். பாடகர் அதன் பெயரைப் பாட்டில் வைப்பார். பாட்டுக்குக் காசு வரும், ஆட்டக்காரருக்குப் பல நேரம் ஒன்றும் வராது. 2005இல் சுட்டுக் கொல்லப்பட்ட 'போகல்' என்கிற ஜெரால்ட் லெவி உருவாக்கிய அசைவுகளை உலகமே ஆடியது. இன்னும் எத்தனை காலம் இப்படி? போதாததற்கு 1997 இரைச்சல் தடுப்புச் சட்டம் வேறு: வார நாளில் நள்ளிரவோடும், வெள்ளி, சனி இரவுகளில் 2 மணியோடும் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்றது. தெரு ஆட்டம் சூடுபிடிக்கிற நேரமே அதுதான்! உலகத்துக்கு ஜமைக்காவின் பெயரைக் கொண்டுபோன கலைக்கு இந்த மரியாதை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: கிங்ஸ்டனில் எட்னா மேன்லி கல்லூரியில் நடனப் பள்ளி இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று நேரடியாக எழுதிக் கேளுங்கள். டான்ஸ்ஹாலுக்கு ஆட்டக்காரரிடமே பேசி, வகுப்புக்கு வகுப்பு அவர் கையிலேயே பணம் கொடுங்கள். ஏஜென்ட் விடாப்பிடியாக நின்றால், கற்றுத்தரப்போகிறவரின் பெயரைக் கேட்டு, அவரிடமே தொகையை விசாரியுங்கள்.