குழந்தைக்குக் கண் நீர் அழுத்த அறுவை சிகிச்சை: கேள்வி பதில்

4 மாதப் பையனுக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது. கண்ணீர்க் குழாய் அடைப்பு, நீவிவிட்டால் போதும் என்கிறார்கள். நம்பலாமா?

அடைப்பு என்றால் நீரோடு பூளையும் கட்டும். வெளிச்சம் குழந்தையைத் தொந்தரவு செய்யாது. கண் நீர் அழுத்தத்தில் (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் கிளாக்கோமா நோய்) பெரும்பாலும் பூளை இருக்காது. ஜன்னல் பக்கம் திருப்பினாலே கண்ணை இறுக்கி, உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். கருவிழியில் புகை படிந்தாற்போல இருக்கும். பிறந்த குழந்தைக்குக் கருவிழி அகலம் சுமார் 9.5 முதல் 10.5 மி.மீ. ஒரு வயதுக்குள் 12 மி.மீ. தாண்டினால் உடனே பரிசோதிக்க வேண்டும். "எவ்வளவு பெரிய கண்!" என்று கொஞ்சிக்கொண்டே மாதங்கள் போய்விடுவதுதான் வேதனை.

6 மாதக் குழந்தை. சொட்டு மருந்திலேயே சமாளிக்க முடியாதா டாக்டர்?

பிறவி வகையில் முடியாதம்மா. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிந்து வெளியேறும் சல்லடைத் திசு சரியாக உருவாகவில்லை. அந்த வழியைத் திறந்தாக வேண்டும். அறுவை நாள் வரை அழுத்தத்தைத் தணித்து, கருவிழியைத் தெளியவைக்கத்தான் மருந்து. பிரிமோனிடின் என்ற சொட்டு மருந்து மட்டும் 2 வயதுக்குள் கூடவே கூடாது: குழந்தை துவண்டுபோய் மூச்சே தடைப்படலாம். டிமோலால் சொட்டு கொடுத்தால் மூச்சிழுப்பு வருகிறதா, நாடித்துடிப்பு குறைகிறதா என்று பாருங்கள்.

ஒருவர் கோனியோட்டமி என்கிறார், இன்னொருவர் டிராபெகுலோட்டமி. எது நல்லது?

கருவிழி தெளிவாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கோனியோட்டமியில் கருவிழி வழியாகவே லென்ஸ் வைத்து, கண்ணுக்குள் கருவிழியும் ஐரிஸும் (கண்ணின் நிறப் பகுதி) சேரும் மூலையைப் பார்த்து, எதிர்ப்பக்கச் சல்லடைத் திசுவை 90 முதல் 120 டிகிரி வரை கீறுகிறோம். கீறல் சரியான ஆழத்தில் விழுந்தால் கத்தியின் பின்னே வெள்ளைக் கோடு தெரியும், ஐரிஸ் சற்றுப் பின்வாங்கும். கருவிழி மங்கியிருந்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. அப்போது வெளியிலிருந்து வெள்ளை விழியில் மெல்லிய மடல் எடுத்து, ஷ்லெம் கால்வாயை (கண் நீர் வடியும் வட்டக் குழாய்) தேடி, வளைந்த கம்பியை உள்ளே செலுத்தி முன்னறைக்குள் (கருவிழிக்குப் பின்னுள்ள நீர் நிறைந்த இடம்) திருப்புவது டிராபெகுலோட்டமி. 6-0 நூல் அல்லது ஒளிரும் நுண்குழாய் விட்டு 360 டிகிரியும் ஒரே தடவையில் திறப்பவர்களும் உண்டு.

சிக்கல் வருவது விரிந்துபோன கண்ணில். அடையாள எல்லைகள் இழுபட்டுக் கால்வாய் இடம் மாறித் தெரியும். கம்பி பொய்வழியில் போய்விடும். நோய் முற்றிய கண்களில் டிராபெகுலெக்டமியையும் (நீர் வெளியேறப் புது வழி அமைக்கும் வேறொரு அறுவை) சேர்த்தே செய்வது நல்லது என்பது என் கருத்து. குழந்தைத் திசு சீக்கிரம் தழும்பிடும் என்பதால் தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தை வைப்பதுண்டு. ஆனால் அதனால் கண்ணின் மேல்சவ்வு மெலிந்து, பிற்காலத்தில் கசிவும் கிருமித்தொற்றும் வரலாம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கண்ணுக்குள் ரத்தம் தெரிகிறதே?

கால்வாய் திறந்ததும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கி வரும். பெரும்பாலும் சில நாளில் கரைந்துவிடும். தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள், கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். ரத்தம் கூடினாலோ, வாந்தியோடு விடாமல் அழுதாலோ, பூளை கட்டினாலோ அன்றே வாருங்கள்.

அழுத்தம் இறங்கிவிட்டது. இன்னும் ஏன் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும்?

அழுத்த எண் மட்டும் போதாது. செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு அதைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் மயக்கம் ஆரம்பித்தவுடனே அளப்போம். கருவிழி அகலம், கண்ணின் நீளம், பார்வை நரம்பின் குழி மூன்றையும் முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். கண் வயதுக்கு மீறி நீண்டால் அழுத்தம் அடங்கவில்லை. இன்னொன்று, நீண்ட கண்ணுக்குக் கிட்டப்பார்வை வரும். கண்ணாடி போடாமலும், நல்ல கண்ணை மறைத்துப் பழக்காமலும் விட்டால், அழுத்தம் அடங்கிய கண்ணும் சோம்பேறிக் கண்ணாகிவிடும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

வர வாய்ப்புண்டு, சொந்தத்தில் திருமணம் செய்திருந்தால் இன்னும் கவனம் தேவை. பிறந்த முதல் வாரங்களிலேயே கருவிழியை அளந்து பார்த்துவிடுங்கள்.