கை நடுங்குகிறவர் முதலில் போக வேண்டிய இடம்

கேள்வி: களுவாஞ்சிக்குடிக்கு அருகிலிருந்து எழுதுகிறேன். வயது 41, மேசன் வேலை. பின்னேரத்தில் மட்டும் குடித்த சாராயம் இப்போது விடிந்ததும் வேண்டியிருக்கிறது. குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. குடியை விட்டவர்கள் கூடும் குழு ஒன்றில் சேரும்படி மனைவி சொல்கிறார். அப்படியான குழுவை எப்படித் தேடுவது? அங்கே என்ன செய்வார்கள்? ஊருக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: தம்பி, குழுவைத் தேடுங்கள், ஆனால் அதற்கு முன் வைத்தியரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்துவது அந்தக் காலை நடுக்கம்தான். போயா நாளில் கடை பூட்டியிருக்கும்போதும் இப்படி வந்திருக்குமே? உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இந்த நிலையில் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத உருவங்கள் தெரியும். வீட்டார் அதைப் பேய் பிடித்ததாக எண்ணிப் பரிகாரம் தேடி ஓடுவதற்குள் நேரம் கைமீறிவிடும். அப்படி ஏதும் கண்டால் உடனே 1990 அம்புலன்ஸை அழைக்கும்படி மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

உங்களுக்குக் கிட்டியது களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை. ஊரவர் கண்ணில் படக் கூசினால் பஸ் ஏறி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ போங்கள். உளநலப் பிரிவு எது என்று கேட்டு, எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். கசிப்பு குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், விற்றமின் பி1 கொடுப்பார்கள். தேவைப்பட்டால் வார்ட்டில் வைத்திருப்பார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை.

குழுவைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். எந்தக் குழு இப்போது உயிரோடு இயங்குகிறது, எந்தக் கிழமை கூடுகிறது என்பது பெரும்பாலும் கிளினிக்கில் வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் தமிழ்க் கூட்டம் அமையாவிட்டால், தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையவழியில் நடத்தும் கூட்டங்களில் கைபேசியிலிருந்தே சேரலாம்.

இவற்றில் பரவலானது ஏ.ஏ. என்று அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்கு வியாபாரியும் ஒரு வைத்தியரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கியது. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, முடிந்தவர் உண்டியலில் போடுவார்கள். கூட்டம் பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் அளவில் முடியும். ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். முதல் நாளில் நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை, பெயரை மட்டும் சொன்னால் போதும். கடவுளைப் பற்றிய பேச்சு வரும், ஆனால் எந்தச் சமயத்துக்கும் உரியதல்ல. ‘இனி வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன்’ என்று அங்கே யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்பதைத்தான் கேட்கிறார்கள். உடைந்த சத்தியங்களின் வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்கும் நம் ஆண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஓராண்டு முடிவில் முற்றாகக் குடியை விட்டிருந்தவர்கள், ஏ.ஏ. வழிக்கு ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர், வேறு சிகிச்சை பெற்றவர்களில் 35 பேர்.

ஊருக்குத் தெரியுமா என்ற பயம் நியாயமானது. அங்கே யாரைக் கண்டேன், என்ன கேட்டேன் என்பதை வெளியில் சொல்வதில்லை என்பது குழுவின் வழக்கம். ஆனாலும் ஒழுங்கை முழுவதும் சொந்தக்காரர் வாழும் ஊர்களில் முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது. அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போவதில் தவறில்லை. ஒன்று மட்டும்: நீங்கள் குடிப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும் தம்பி. நீங்கள் விட முயல்வதுதான் தெரியாது.

அறைக்குள் பூட்டி வைத்துக் குணமாக்குவதாகச் சொல்லும் இடங்களை நம்பாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் சோற்றில் கலக்க மருந்து வாங்க வேண்டாம் என்று மனைவியிடமும் சொல்லுங்கள். குடித்தால் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தை அறியாமல் உட்கொண்டவர் அதன்மேல் குடித்தால் உயிருக்கே மோசமாகலாம். மனைவிக்கும் ஆள் துணை தேவை. உளவளத்துணை உத்தியோகத்தரை அவரும் தனியாகச் சந்திக்கட்டும்.

ஒரு கூட்டத்தோடு முடிவெடுக்காமல் சில தடவைகள் போய்ப் பாருங்கள். இடையில் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், யாரும் வெளியேற்ற மாட்டார்கள். ஆனால் மறுபடி நாட்கணக்காகக் குடித்து நடுக்கம் திரும்பியிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.