பன்ட் கோணலாகப் போகிறதா? முதலில் கையைப் பாருங்கள்

டெக்சஸிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "மகன் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து சாக்கர் ஆடியவன் என்பதால் ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் அவனைப் பன்டராக, அதாவது கையிலிருந்து விட்ட பந்தைத் தரையில் படுமுன் எதிரணிப் பக்கம் தூர உதைப்பவனாகப் போட்டுவிட்டார். ஒரு பந்து 40 யார்டு பறக்கிறது, அடுத்தது 15 யார்டிலேயே வலப்பக்கக் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. காலில் வலு போதவில்லையா, ஜிம்முக்கு அனுப்பவா? இதற்கு நடுவில் ஆஸ்திரேலியக்காரர்கள் மாதிரி உதைக்கப் போகிறேன் என்று வேறு அடம்பிடிக்கிறான்."

ஜிம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பந்தாவது 40 யார்டு போகிறது என்றால் காலில் குறை இல்லை, கோளாறு கையில்தான் இருக்கும். சாக்கரில் பந்து தரையில் இருக்கும், கால் அதைத் தேடிப் போகும். இங்கே காலுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதே அவன் கைதான், அந்தப் பந்தும் உருண்டை இல்லை. 11 அங்குல நீளம், இரண்டு முனையும் கூர், 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ எடை. பாதத்தில் படுகிற நேரத்தில் அது சற்றுத் திரும்பியிருந்தால் போதும், எவ்வளவு அழகாகக் காலை வீசினாலும் ஸ்பைரல், அதாவது பந்து தன் நீள அச்சிலேயே சுழன்று பறப்பது, வராது.

அதனால் டிராப்பிலிருந்து, அதாவது கை பந்தைக் கீழே விடும் விதத்திலிருந்து ஆரம்பியுங்கள். வலது காலால் உதைப்பவன் என்றே எடுத்துக்கொள்கிறேன். பந்தின் தையல் கயிறு, அதாவது லேஸ், மேலே பார்க்க வேண்டும், வலது கை பந்தின் பின்பாதியை வெளிப்பக்கமாகப் பிடிக்க வேண்டும், முன்முனை துளி கீழேயும் துளி இடப்பக்கமும் சாய்ந்திருக்க வேண்டும். கை வலது தொடைக்கு நேராக முன்னால் நீண்டு, இடுப்புக்குச் சற்று மேலே இருக்கட்டும். இடது கால் கடைசி அடி வைக்கும்போது பந்தை விட வேண்டும். தூக்கிப் போடக் கூடாது, மணிக்கட்டைத் திருப்பக் கூடாது. மேசையில் நிறைந்த டம்ளரை வைப்பதுபோல, எப்படிப் பிடித்திருந்தானோ அதே சாய்வில் பந்து கீழே இறங்க வேண்டும். ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், விரல்களை நன்றாக நீட்டிய பாதத்தின் மேலெலும்பில் அது பட வேண்டும்.

அவன் பந்து வலப்பக்கம் சிதறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கை வெளியே போய்விடுகிறது, பந்து பாதத்தின் வெளி விளிம்பில் படுகிறது. இடப்பக்கம் வளைந்தால் பந்து உடம்புக்குக் குறுக்கே உள்ளே விழுகிறது என்று அர்த்தம். முனை மேலே தூக்கிக்கொண்டால் குட்டிக்கரணம் அடித்து அருகிலேயே விழும். ஊகிக்க வேண்டியதில்லை, போனில் ஸ்லோ மோஷன் இருக்கிறதே, நேர் எதிரே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்து, பந்து கையை விட்ட கணத்தையும் காலில் பட்ட கணத்தையும் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் பந்தின் சாய்வு ஒன்றாக இருந்தால் டிராப் சரி.

அப்புறம் ஒரு சாக்கர் பழக்கம். காலை உடம்புக்குக் குறுக்கே வளைத்து வீசுவது. பன்டில் கால் நேராக மேலே போய் வலது தோளுக்கு முன்னால் முடிய வேண்டும். இதைத் திருத்த, அடி எதுவும் எடுக்காமல் நின்ற இடத்திலிருந்தே மெதுவாக உதைக்கச் சொல்லுங்கள், பிறகு ஓரடி, அது பிடிபட்ட பின் ஈரடி. மைதானக் கோட்டின் மேலேயே நடந்து, உதைத்த பிறகும் அதே கோட்டில் வந்து நிற்கிறானா என்று பாருங்கள். அடிகள் சின்னதாக இருக்கட்டும். ஸ்னாப், அதாவது நம் அணிக்காரன் பின்னால் எறியும் பந்து, கைக்கு வந்ததிலிருந்து பந்து காலை விட்டுப் போக 1.3 விநாடி என்பது நல்ல இலக்கு. நீளநீளமாக அடி வைத்தால் நேரமும் போகும், தடுக்க வருபவன் கைக்கும் பந்து எட்டிவிடும். பிடித்ததும் லேஸ் மேலே திரும்பவில்லையா, போகட்டும், அதைத் தேடி நேரம் வீணாக்குவதைவிட இருக்கிறபடி உதைப்பது மேல்.

தூரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதமே உண்டு. பந்து காற்றில் நிற்கும் ஹேங் டைம்தான் முக்கியம். 3.4 விநாடியில் 45 யார்டு போகிற தாழ்வான பந்தைவிட, 4 விநாடி நின்று 38 யார்டில் இறங்குவது நல்லது, ஏனென்றால் பந்தைப் பிடிக்கும் எதிரணிக்காரனை நம் ஆட்கள் அதற்குள் நெருங்கிவிடுவார்கள். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 1973இல், ரே கை (Ray Guy) என்ற பன்டரை ரெய்டர்ஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. பன்ட்டுகளை அந்தரத்தில் நிறுத்தியே பெயர் வாங்கியவர் அவர்.

ஆஸ்திரேலிய ஆசைக்கு வருவோம். ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2017இல் சிறந்த கல்லூரிப் பன்டருக்கான ரே கை விருது வாங்கிய மைக்கேல் டிக்சன் சிட்னிக்காரர், அவரைப் பார்த்துத்தான் பையன் கேட்கிறானோ என்னவோ. ஆஸ்திரேலியர்கள் உதைக்கும் டிராப் பன்ட்டில் பந்தை நிமிர்த்திப் பிடித்து, கீழ்முனையில் உதைப்பார்கள். அது பின்னோக்கிச் சுழன்று போய், விழுந்த இடத்தில் முன்னால் ஓடாமல் நிற்கும் அல்லது திரும்பி வரும். எதிரணியின் 20 யார்டு கோட்டுக்குள் பந்தை இறக்கி நிறுத்த அருமையான உதை. கற்கட்டும், ஆனால் பத்துக்கு ஏழெட்டு ஸ்பைரல் ஒழுங்காக வந்த பிறகு. இரண்டுக்கும் பிடியும் பந்தின் சாய்வும் வேறு வேறு என்பதால் இப்போதே கலந்தால் எதுவும் கையில் நிற்காது.

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு முழு வேகத்தில் 30, 40 உதை போதும். அதற்கு மேல் போனால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். உதைக்காமல் வெறும் டிராப் மட்டும் போடுவதற்குக் கணக்கே இல்லை, டிவி பார்த்துக்கொண்டே கூடச் செய்யலாம்.