ரயிலிலிருந்து இறங்கிய மகள்

கேள்வி: மழையில் வெளியே போக முடியாத சாயங்காலங்களில், கரண்ட் இருந்தபோதெல்லாம், 'தி அமெரிக்கன்ஸ்' தொடரின் ஆறு சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பம்போல வாழும் ரஷ்ய உளவாளிகள் பிலிப்பும் எலிசபெத்தும் கடைசியில் தப்பித்தது நிம்மதியாக இருந்தது. இத்தனை கொலை செய்தவர்களுக்காக நிம்மதிப்படுகிறோமே என்று என் மேலேயே கோபமும் வந்தது. எதிர்வீட்டு எஃப்.பி.ஐ. அதிகாரி ஸ்டான் அவர்களைப் போகவிட்டதை நம்பவே முடியவில்லை. ஆனால் மகள் பேய்ஜ் ரயிலிலிருந்து இறங்கிவிட்டாள் என்று தெரிந்த இடத்தில் அழுதுவிட்டேன். எங்கள் அம்மாயி 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே டேன்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பெரிய மாமா இலங்கைக் குடியுரிமைக்குத் தனியாக மனுப் போட்டிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டார். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு வந்த ரயிலை அம்மாயி 'அழுகைக் கோச்சி' என்றுதான் சொல்வார். இது நல்ல முடிவுதானா? அவர்கள் மகன் ஹென்றி என்ன ஆவான்?

– ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நல்ல முடிவு என்றுதான் சொல்வேன், ஆனால் முழு மனதோடு இல்லை. முதலில் ஸ்டான். வாகன நிறுத்தத்தில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான், எதிரே பிலிப், எலிசபெத், பேய்ஜ் மூவரும். எடுத்த விதமும் நடிப்பும் அபாரம், அந்தக் கடைசி அத்தியாயத்தின் எழுத்துக்கு 2018இல் எம்மி விருதும் கிடைத்தது, பிலிப்பாக நடித்த மேத்யூ ரீஸுக்கும் அந்த வருடம்தான் எம்மி. இருந்தாலும் எனக்கும் அங்கே ஒரு நெருடல். சோவியத் தலைவர் கோர்பச்சேவைக் கவிழ்க்க அவர்கள் ஆட்களே சதி செய்கிறார்கள், அந்தச் செய்தியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிலிப் சொல்வது ஒரு காரணம். பிலிப்தான் ஸ்டானுக்கு மிக நெருங்கிய நண்பன் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் அவன் தடுமாறுவதை நம்புகிறேன், வழிவிட்டு நிற்பதைப் பாதிதான் நம்புகிறேன். போகிற போக்கில் உன் மனைவி ரெனேயும் எங்கள் ஆளாக இருக்கலாம், உறுதியாகத் தெரியாது என்று பிலிப் சொல்லிவிட்டுப் போகிறானே, அதைத் தொடர் கடைசிவரை அவிழ்க்கவே இல்லை. அது சரிதான். ஸ்டான் இனி ஒவ்வொரு நாளும் அந்தச் சந்தேகத்தோடு சோறு தின்ன வேண்டும்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹென்றியை விடுதிப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, வழியில் பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள், அதுதான் கடைசிப் பேச்சு என்று அவனுக்குத் தெரியாது. அப்புறம் கனடா எல்லையில் பாஸ்போர்ட் சோதனை முடிந்து ரயில் நகரும்போது எலிசபெத் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், பிளாட்ஃபாரத்தில் பேய்ஜ் நிற்கிறாள். கத்த முடியாது, இறங்க முடியாது, முகத்தைக்கூட மாற்ற முடியாது, ஏனென்றால் மூவரும் வேறு வேறு பெயரில் தனித்தனி இருக்கையில் பயணம் செய்கிறவர்கள். சிறையில் போட்டிருந்தால்கூட பிள்ளைகள் வந்து பார்த்திருப்பார்கள்.

பேய்ஜ் ஏன் இறங்கினாள் என்று தொடர் விளக்கவில்லை. உங்கள் அம்மாயி கதையைப் படித்த பிறகு எனக்கு அது இன்னும் தெளிவாகிறது. பேய்ஜ் அமெரிக்காவில் பிறந்தவள், ரஷ்யா அவளுக்குப் பெற்றோர் சொன்ன ஊர், அவ்வளவுதான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண் போட்டுப் பிரித்தார்களே, அதில் தாயகம் திரும்பியவர்கள் என்று பெயர் வாங்கிய எத்தனையோ பேர் பிறந்தது இலங்கைத் தோட்டத்து லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில்தான், இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பேய்ஜ் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, தன் ஊரில் இறங்கினாள். உங்கள் பெரிய மாமாவும் தன் ஊரிலேயே நின்றவர்தான். ஒன்று மட்டும் வேறு. எலிசபெத் இந்த வாழ்க்கையைத் தானே ஏற்றுக்கொண்டவள், உங்கள் அம்மாயிக்கு அவ்வளவு சுதந்திரமான வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை. அதனால் நீங்கள் அழுதது எலிசபெத்துக்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஹென்றி என்ன ஆவான் என்று கேட்டீர்கள். ஸ்டான் அவனைத் தேடிப் போய் ஐஸ் ஹாக்கி மைதானத்தில் விஷயத்தைச் சொல்வதோடு தொடர் நிறுத்திக்கொள்கிறது. நிஜத்தில் 2010இல் இதே மாதிரி 10 ரஷ்ய உளவாளிகள் அமெரிக்காவில் பிடிபட்டார்கள். அதில் ஒரு தம்பதிக்கு கனடாவில் பிறந்த இரண்டு மகன்கள். பெற்றோர் உளவாளிகள் என்பதால் கனடா அவர்கள் குடியுரிமையையே பறித்தது. வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 2019 டிசம்பரில் இளையவன் கனடா உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்துத் தன் பிறந்த நாட்டைத் திரும்ப வாங்கினான். ஹென்றி அமெரிக்காவில் பிறந்தவன், ஹாக்கி ஆடுகிறவன், பெற்றோரின் உண்மைப் பெயர்கூடத் தெரியாதவன். பக்கத்தில் ஸ்டான் இருப்பான். அந்த ஒரு ஆறுதலுக்காகத்தான் ஸ்டானைப் பாதியாவது மன்னித்தேன்.